குவாட் பைக்கின் அலோய் வீலுக்குச் சரியான நட்: அளப்பது முதல் இறுக்குவது வரை

குவாட் பைக் என்னும் நான்கு சக்கர வண்டியில் பழைய இரும்பு ரிம்மை மாற்றி அலோய் (அலுமினியக் கலப்புலோக வீல்) போட நினைப்பவர் வீலுக்கும் டயருக்கும் நாள்கணக்கில் அலைவார். நட்டுக்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்கமாட்டார். கடையில் ஒரு பிடி அள்ளித் தருவார்கள், புரியில் ஏறும், இறுகும், காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். ஆனால் புரியில் ஏறுவது நட்டின் வேலையில் பாதிதான். மீதிப் பாதி, வீலின் துளைக்குள் அது எப்படி அமர்கிறது என்பதில் இருக்கிறது. புது வீல் போட்ட சில நாளிலேயே ஆடத் தொடங்கினால், தேட வேண்டிய இடமும் அதுதான்.

கொழும்பில் இதற்கு இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. குவாட் பைக் ஓடுவது தேயிலைத் தோட்டத்திலும் தென்னங்காணியிலும் கடற்கரை ஹோட்டலிலும். உதிரிப்பாகம் தேடி வருவதோ பஞ்சிகாவத்தைக்கு. அங்கே பெட்டி பெட்டியாக இருப்பவை ஜப்பான் கார்களின் வீல் நட்டுகள். அவை 12 மி.மீ. ஸ்டட்டுக்கானவை; ஸ்டட் என்பது ஹப்பிலிருந்து, அதாவது வீல் மாட்டும் சுழலும் தலையிலிருந்து, நீட்டி நிற்கும் புரி வெட்டிய தண்டு. குவாட் பைக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு 10 மி.மீ. ஸ்டட். எனவே "வீல் நட் பதினாறு வேண்டும்" என்று மட்டும் கேட்டுப் போகாதீர்கள். கீழே சொல்லும் அளவுகளை ஒரு தாளில் எழுதி, பழைய நட் ஒன்றையும் புது வீல் ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள். வீலைச் சுமந்து போவது சிரமம்தான். இரண்டாவது தடவை போவதைவிடச் சிரமம் குறைவு.

வீல் எதனால் நிற்கிறது

பலர் நினைப்பதுபோல ஸ்டட்டுகள் வீலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. நட்டை இறுக்கும்போது ஸ்டட் மிக நுண்ணிய அளவில் நீள்கிறது. நீண்டது ரப்பரைப்போல் திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுவிசைதான் வீலை ஹப்பின் முகத்தோடு அழுத்தி வைக்கிறது. வண்டியின் பாரத்தையும் பிரேக்கின் உதறலையும் தாங்குவது இரண்டு முகங்களுக்கும் இடையிலான உராய்வு.

கணக்கு எளிது. 10 மி.மீ. ஸ்டட்டில் நட்டை 64 நியூட்டன் மீற்றர் முறுக்கத்துக்கு (திருப்பும் விசையின் அளவு) இறுக்கினால், புரி உலர்ந்திருக்கும்போது ஒரு ஸ்டட்டில் ஏறத்தாழ 32,000 நியூட்டன் இழுவிசை உண்டாகும். அதாவது மூன்று தொன்னுக்குச் சற்று மேல். நான்கு ஸ்டட்டும் சேர்ந்து பன்னிரண்டு தொன்னுக்கு மேல் வீலை ஹப்போடு அழுத்துகின்றன. நட் அமரும் இடத்தில் தொடுகை குறைந்தாலோ, இடையில் பெயின்டோ மணலோ இருந்தாலோ, ஓடும்போது அந்த இடம் நசுங்கும்; அரை மில்லிமீற்றர்கூடத் தேவையில்லை, அதில் ஒரு சிறு பங்கு இறங்கினாலே இழுவிசையில் பெரும்பகுதி போய்விடும். நட் திரும்பியே இருக்காது. ஆனால் வீல் தளர்ந்துவிட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் ஒவ்வொரு வேலையும் ஏன் என்று புரியும்.

முதல் வேலை: ஸ்டட்டை அளப்பது

வேணியர் இடுக்கிமானி ஒன்று வேண்டும். பள்ளிக்கூட அடிமட்டம் போதாது. இங்கே அரை மில்லிமீற்றர் வித்தியாசம்தான் விஷயமே.

ஸ்டட்டைக் கம்பித் தூரிகையால் துலக்கி, புரியின் உச்சிகளுக்குக் குறுக்கே விட்டத்தைப் பாருங்கள். 9.8 மி.மீ. அளவில் வந்தால் எம்10, அதாவது மெற்றிக் 10 மி.மீ. 9.4 அல்லது 9.5 வந்தால் அது அங்குல அளவான எட்டில் மூன்று. 11.8க்குக் கிட்ட வந்தால் எம்12. அடுத்து புரியிடை, அதாவது அடுத்தடுத்த இரண்டு புரி உச்சிகளுக்கு இடையிலான தூரம். ஒரு புரியின் உச்சியிலிருந்து எண்ணத் தொடங்கி பத்து இடைவெளி தாண்டிய உச்சி வரை அளவுங்கள். 12.5 மி.மீ. வந்தால் புரியிடை 1.25. 15 மி.மீ. வந்தால் 1.5. 10.6க்குக் கிட்ட வந்தால் அங்குலத்துக்கு 24 புரி. புரிமானி கையில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் இந்த முறை ஏமாற்றாது.

ஹொண்டா, யமஹா, சுசுக்கி, கவாசாக்கி குவாட் பைக்குகளில் மிகப் பரவலாக இருப்பது எம்10 × 1.25 (விட்டம் × புரியிடை). போலாரிஸின் பழைய மொடல்களில் அங்குல அளவு, அதாவது எட்டில் மூன்று, 24 புரி. அதே நிறுவனத்தின் பிந்திய பெரிய வண்டிகளில் எம்12 × 1.5. மொடலும் ஆண்டும் தெரிந்தாலும் அளக்காமல் விடாதீர்கள். இங்கே ஓடுபவற்றில் பல கைமாறி வந்தவை. முன்பிருந்தவர் ஹப்பையோ ஸ்டட்டையோ மாற்றியிருக்கலாம்.

இனிப் பொறிகள். பழைய சோனகத் தெருவின் ஹாட்வெயார் கடைகளில் "பத்து மில்லிமீற்றர் நட்" என்றால் எடுத்துத் தருவது பெரும்பாலும் 1.5 புரியிடை உள்ள சாதாரண நட். உங்கள் ஸ்டட் 1.25. ஒன்றிரண்டு சுற்று ஏறி இறுகும். "கொஞ்சம் டைட், ஸ்பேனர் போட்டால் போகும்" என்பார்கள். போகும், ஸ்டட்டின் புரியையும் கூட்டிக்கொண்டு போகும். அங்குல ஸ்டட்டில் எம்10 நட் இன்னும் ஆபத்து. ஸ்டட் மெலிது, நட் பெரிது என்பதால் தொடக்கத்தில் லேசாக, தளர்வாக ஏறும். பிறகு புரியிடை ஒத்துவராமல் பிடிக்கும். அந்தப் பிடிப்பை இறுக்கம் என்று நம்பிவிட்டால், வீலைப் பிடித்திருப்பது இரண்டு மூன்று புரியின் விளிம்பு மட்டும்.

எம்12 ஸ்டட் உள்ளவர்களுக்குப் பஞ்சிகாவத்தையில் நட் கிடைப்பது எளிது என்று தோன்றும். டொயோட்டா, ஹொண்டா, மிட்சுபிஷி கார்களின் நட் எம்12 × 1.5, அது புரியில் சேரும். நிஸானும் சுசுக்கியும் எம்12 × 1.25, அது சேராது. கலந்து கிடக்கும் பெட்டியில் கண்ணால் பார்த்து இதைப் பிரிக்க முடியாது. டயர் கடையில் காற்றுத் துப்பாக்கி வேறு இருந்துவிட்டால், 1.25 நட்டை 1.5 ஸ்டட்டில் அது ஒரு நொடியில் அடித்து ஏற்றிவிடும். ஏற்றிய பிறகு கழற்ற ஸ்டட்டை வெட்டத்தான் வேண்டும்.

சோதனை ஒன்றே ஒன்று. நட்டை வெறும் விரலால் ஸ்டட்டின் முழு நீளத்துக்கும் சுழற்றுங்கள். எங்கும் பிடிக்காமல், எங்கும் ஆடாமல் போக வேண்டும். ஸ்பேனர் தேவைப்பட்டால் ஏதோ பிழை.

துளை வட்டம், சுருக்கமாக

நான்கு துளை வீலில் எதிரெதிர் துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் வரும் விட்டம் ஹப்போடு பொருந்த வேண்டும். ஜப்பான் வேலைக்கார (பாரம் இழுக்கும், தோட்ட வேலைக்கான) குவாட் பைக்குகளில் 110 மி.மீ. பரவலானது. கேன்-அம்முக்கு 137, போலாரிஸுக்கு 156, ஆர்க்டிக் கேட்டின் பழைய மொடல்களுக்கு 115. பந்தய ரகங்களில் முன்னும் பின்னும் வேறு: ஹொண்டாவின் டிஆர்எக்ஸ்450ஆர் முன்னால் 144, பின்னால் 110, யமஹா ராப்டர் 700 முன்னால் 144, பின்னால் 115. ஐந்து மில்லிமீற்றர் வித்தியாசத்தை நட்டை இழுத்துப் பிடித்து அடைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. ஸ்டட் வளைந்து நிற்கும். பிறகு ஒருநாள் ஒடியும். அதற்கு நட்டில் தீர்வு கிடையாது.

இரண்டாவது வேலை: நட் அமரும் முகம்

இங்கே நேரம் செலவழியுங்கள். புது வீலின் நட் துளையைச் சுத்தமாகத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மூன்றில் ஒன்றாக இருக்கும்.

உள்நோக்கிச் சரியும் கூம்பு வடிவம் முதலாவது. கடையில் டேப்பர் என்பார்கள். சந்தையில் தனியாக விற்கும் அலோய் வீல்களில் அதிகம் இருப்பது இதுதான். கோணம் பொதுவாக 60 பாகை. இரண்டாவது, வொஷர் வைத்து உட்காரும் தட்டை முகம். மூன்றாவது, கிண்ணம்போல வளைந்த முகம். இதை "போல்" (பந்து) சீட் என்பார்கள். குவாட் பைக் வீலில் அரிது, ஆனால் ஹொண்டா கார்களின் மூல நட் இந்த வடிவம் என்பதால் பஞ்சிகாவத்தைப் பெட்டிகளில் நிறையக் கிடக்கும். கூம்புக்கும் போலுக்கும் இடையிலான வித்தியாசம் நட்டைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்: கூம்பின் ஓரம் நேர்கோடு, போலின் ஓரம் வயிறு வைத்திருக்கும்.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? கூம்புத் துளையில் தட்டை நட்டைப் போட்டால் நட்டின் விளிம்பு மட்டும் அலுமினியத்தில் ஒரு மெல்லிய வளையமாகத் தொடும். மூன்று தொன் அழுத்தமும் அந்த வளையத்தில். அலுமினியம் நசுங்கும், இழுவிசை இறங்கும். கூம்புத் துளையில் போல் நட்டைப் போட்டாலும் இதே கதை. தொடுவது ஒரு கோடு. தட்டைத் துளையில் கூம்பு நட்டைப் போட்டால் கூம்பு துளையின் வாயை ஆப்புப்போலப் பிளக்கும். வெடிப்பு அங்கிருந்து தொடங்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. கார்களில் பலவற்றில் வீலின் நடுத்துளை ஹப்பின் கழுத்தில் இறுக்கமாக உட்கார்ந்து வீலை மையப்படுத்தும். தனியாக வாங்கும் குவாட் பைக் வீலில் நடுத்துளை பெரும்பாலும் தளர்வாகவே இருக்கும். வீலை மையத்துக்குக் கொண்டுவருவது நான்கு கூம்புகளும்தான். கூம்பு பிழைத்தால் வீல் மையம் தப்பி, சமநிலைப்படுத்திய டயரும் உதறும். டயரைக் குறை சொல்லிப் பயனில்லை.

சந்தேகம் இருந்தால் மை வைத்துப் பார்த்துவிடலாம். நட்டின் கூம்பு முழுவதும் வெள்ளைப்பலகை மார்க்கரால் கறுப்படித்து, காயமுன் துளையில் வைத்துக் கையால் அழுத்திக் கால் சுற்றுத் திருப்பி எடுங்கள். துளையில் அகலமான, முழு வட்டமான பட்டை பதிந்திருந்தால் பொருத்தம். மெல்லிய கோடு மட்டும் பதிந்தால் கோணமோ வடிவமோ வேறு. அரைவட்டம் பதிந்தால் துளை ஏற்கனவே நீண்டுபோயிருக்கிறது. பாவித்த வீல் வாங்கும்போது இந்தச் சோதனையைக் கடையிலேயே செய்யுங்கள். துளைக்குள் இரும்பு வளையம் பதித்த வீல் கிடைத்தால் அதையே எடுங்கள். அலுமினியம் நேரடியாகத் தேயாது.

மூல நட்டைப் பற்றி ஒரு சொல். இரும்பு ரிம்மோடு வந்த நட்டின் கூம்பு பெரும்பாலும் குட்டையானது, மெல்லிய தகட்டுக்காகச் செய்தது. அதே கோணமாக இருந்தாலும் தடித்த அலோயின் ஆழமான துளையில் போதிய அளவு தொடாது. சிலவற்றின் அறுகோணமே துளையின் வாயில் முட்டி நின்றுவிடும். மை வைத்துப் பாருங்கள். பொருந்தினால் தாராளமாகப் பாவியுங்கள், புதிது வாங்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் மட்டும் கூம்பாக உள்ள திறந்த நட்டானால் கூம்புப் பக்கம் வீலைப் பார்க்க வேண்டும். அவசரத்தில் இதைத் தலைகீழாகப் போடுவது நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது.

மூன்றாவது வேலை: எத்தனை சுற்றுப் பிடிக்கிறது

இரும்பு ரிம் சில மில்லிமீற்றர் தகடு. அலோய் அதைவிடப் பல மடங்கு தடிப்பு. அந்தத் தடிப்பை ஸ்டட்டின் நீளத்திலிருந்துதான் கழிக்க வேண்டும். மிஞ்சியதில்தான் நட் பிடிக்கும். குறைந்தபட்சம் ஸ்டட்டின் விட்டமளவு நீளத்துக்குப் புரி பிடித்திருக்க வேண்டும். சுற்றுக் கணக்கில் சொன்னால் எம்10 × 1.25க்கு 8 சுற்று, எம்12 × 1.5க்கும் 8 சுற்று, எட்டில் மூன்று அங்குலம் 24 புரிக்கு 9 சுற்று.

வீலை ஹப்பில் வைத்து, முகத்தோடு முகம் படிய ஒருவர் பிடித்துக்கொள்ள, நட்டை விரலால் ஏற்றுங்கள். புரி கவ்வும் கணத்திலிருந்து கூம்பு தொடும் கணம் வரை முழுச் சுற்றுகளை எண்ணுங்கள். நட்டில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தால் எண்ணுவது எளிது. ஐந்தோ ஆறோதான் வருகிறதென்றால் வழி இரண்டு: புரி நீண்ட கழுத்துள்ள நட், அல்லது நீளமான ஸ்டட். கழுத்து நட்டின் கழுத்து துளைக்குள் இறங்கி ஹப் பக்கமாகப் புரியைத் தேடிப் பிடிக்கும். ஆனால் துளையின் குறுகிய பகுதியில் அந்தக் கழுத்து நுழைய இடம் இருக்க வேண்டும், ஹப்பிலும் முட்டக்கூடாது. ஸ்பேசர் போட்டு வீலை வெளியே தள்ளுபவர்கள் இந்தக் கணக்கை முதலிலிருந்து மறுபடி போட வேண்டும்.

மூடிய நட்டில் எதிர்மாறான பொறி. தொப்பி மூடிய நட் அழகு, மண் புகாது, ஸ்டட் துருப்பிடிக்காது. ஆனால் ஸ்டட் நீளமாக இருந்தால் அதன் நுனி தொப்பியின் உள்ளே முட்டும். டோர்க் ரெஞ்ச் (குறித்த முறுக்கம் வந்ததும் அறிவிக்கும் சாவி) "கிளிக்" என்று சொல்லும், வீல் இறுகியிருக்காது. இதைக் கண்டுபிடிக்க, வீல் இல்லாமல் வெறும் ஸ்டட்டில் நட்டை முட்டும் வரை ஏற்றிச் சுற்றுகளை எண்ணுங்கள். பிறகு வீலை வைத்து, கூம்பு தொடும் வரை எண்ணுங்கள். இரண்டாவது எண் முதலாவதைவிடக் குறைந்தது இரண்டு சுற்றாவது குறைவாக இருக்க வேண்டும். எண்கள் நெருங்கினால் ஆழம் கூடிய நட் எடுங்கள். ஸ்டட்டின் நுனியைக் கிரைண்டரில் அறுப்பது கடைசி வழி.

நான்காவது வேலை: சொக்கெட் நுழையுமா

அலோயின் நட் குழி குறுகலாக இருக்கும். அரை அங்குல ரெஞ்சுக்கான 17 மி.மீ. சொக்கெட்டின் வெளிவிட்டம் 24 மி.மீ. அளவில் வரும். குழியின் விட்டம் அதைவிடச் சற்றேனும் கூடுதலாக இல்லையென்றால் சொக்கெட் குழியின் சுவரைச் சுரண்டும், அல்லது நட்டின் மேல் பாதியை மட்டும் கவ்வி முனைகளை மழுக்கும். மெல்லிய சுவருள்ள சொக்கெட், 14 மி.மீ. தலையுள்ள நட், அல்லது பல்வரி வைத்த மெல்லிய நட் ஆகியவை தீர்வுகள். பல்வரி நட்டுக்குத் தனிச் சாவி உண்டு. அதை வண்டியிலேயே கட்டி வையுங்கள். மேசை லாச்சியில் இருக்கும் சாவி தோட்டத்து நடுவில் டயர் போகும்போது உதவாது. எங்களுக்குப் பல்வரி நட்டில் அவ்வளவு விருப்பமில்லை: சேறு இறுகினால் சாவி முழுதாக இறங்காது, அரைகுறையாக இறங்கிய சாவி பல்லைத் தின்னும்.

எதை வாங்குவது

நான்கு வீலுக்கு 16 நட். இரண்டு கூடுதலாக எடுங்கள், சேற்றில் விழுந்தது கிடைக்காது. உலோகம் உருக்காக இருக்கட்டும். நிறம் நிறமாக வரும் அலுமினிய நட்டுகள் காட்சிக்குச் சரி. கல்லிலும் சேற்றிலும் ஓடும் வண்டியில் அவற்றின் புரி சீக்கிரம் உரியும். உருக்கு நட்டின் மேல் மெல்லிய குரோம் தகட்டுத் தொப்பி அழுத்திய இரட்டைப் பாக நட்டையும் தவிருங்கள். தகட்டுக்குள் உப்புத்தண்ணீர் புகுந்தால் உள்ளே துரு வீங்கி, 17 மி.மீ. நட் எந்தச் சொக்கெட்டிலும் சேராத அளவுக்குப் பருக்கும். கல்கிசை, நீர்கொழும்புப் பக்கம் கடல்மணலில் ஓடும் வண்டிக்கு நாகம் (துத்தநாகம்) பூசிய முழு உருக்கு நட் அழகில் குறைவு, பாவனைக்கு நல்லது. துருப்பிடிக்காத உருக்கைத் துருப்பிடிக்காத உருக்கு ஸ்டட்டில் போடுவதும் வேண்டாம். உலர்வாக இறுக்கும்போது இரண்டும் ஒட்டிக்கொண்டு அசையாமல் போகும்.

வாங்கும் இடத்திலேயே ஒவ்வொரு நட்டையும் மாதிரி நட்டோடு வைத்துப் பாருங்கள். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த பதினாறில் ஒன்றிரண்டு வேறு புரியாக இருப்பது புதுமையல்ல. பழைய இரும்பு ரிம்களில் ஒன்றை உதிரி வீலாக வைக்கப்போகிறீர்களானால் அதன் நான்கு மூல நட்டையும் அதோடு கட்டி வையுங்கள்.

பூட்டுவது

நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்துவது வண்டி தரையில் நிற்கும்போது. பிறகு பிரேக் பிடித்து, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜக் ஏற்றி, சட்டகத்தின் அடியில் தாங்கியொன்று கொடுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கை நீட்டாதீர்கள்.

பழைய வீலைக் கழற்றியதும் ஹப்பின் முகத்தைத் துலக்குங்கள். துருச் செதில், மணல், பழைய பெயின்ட் எதுவும் மிஞ்சக்கூடாது. புது வீலின் பின்முகத்தையும் நட் துளைகளையும் பாருங்கள். மறுபடி நிறமடித்த வீலானால் துளையின் கூம்பிலும் பெயின்ட் ஏறியிருக்கும். பவுடர் கோட் (தூளைச் சுட்டு ஒட்டும் பூச்சு) தடிப்பானது; நட்டின் கீழ் அது நசுங்கிக் கசியும், முதல் நாளிலேயே இறுக்கம் போகும். நிறமடிக்கக் கொடுக்கும்போதே கூம்புகளையும் பின்முகத்தையும் டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். ஏற்கனவே படிந்திருந்தால் கரைப்பானால் எடுங்கள், அரத்தால் சுரண்ட வேண்டாம்.

வீலை வைத்து, அச்சு நட்டின் தொப்பி நடுத்துளையில் முட்டவில்லை என்று உறுதிசெய்யுங்கள். முட்டினால் வீல் ஹப்பில் படியாது. எவ்வளவு இறுக்கினாலும் ஆடும். டயரில் சுழலும் திசைக்கான அம்பு இருந்தால் அதையும் இப்போதே பாருங்கள்.

நான்கு நட்டையும் விரலால் ஏற்றுங்கள். கூம்புகள் தொட்டதும் வீலை லேசாக ஆட்டி மையத்துக்கு விடுங்கள். பிறகு குறுக்கு வரிசை: ஒன்று, அதற்கு எதிர், அடுத்தது, அதற்கு எதிர். முழு அளவு 64 நியூட்டன் மீற்றரானால் முதல் சுற்றில் 20, இரண்டாவதில் 45, மூன்றாவதில் முழு அளவு. ஒரே மூச்சில் ஒரு நட்டை முழுதாக இறுக்கினால் வீல் அந்தப் பக்கம் சாய்ந்து அமரும். மற்ற மூன்றும் அந்தச் சாய்வையே பூட்டும். கடைசிச் சுற்றை டயர் தரையைத் தொடும் அளவுக்கு ஜக்கை இறக்கிவிட்டுச் செய்யுங்கள், வீல் சுழலாது.

முழு அளவு எவ்வளவு?

வண்டியின் கைநூல் சொல்வதே அளவு. வீல் தயாரிப்பாளர் வேறு அளவு கொடுத்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள். ஒரு மட்டுக்கு: ஹொண்டாவின் வேலைக்கார மொடல்களில் 64 நியூட்டன் மீற்றர், அதாவது 47 அடி-இறாத்தல், யமஹா கிரிஸ்லி 700க்கு 55 நியூட்டன் மீற்றர், ராப்டர் 700க்கு 45 நியூட்டன் மீற்றர். போலாரிஸின் சில பழைய மொடல்களில் அலோய் வீலுக்கு 30 அடி-இறாத்தலுக்கு இறுக்கி, அதன்மேல் கால் சுற்றுத் திருப்பச் சொல்கிறார்கள். கார் வீலுக்கு 100க்கு மேல் இறுக்கிப் பழகிய கை 10 மி.மீ. ஸ்டட்டை எளிதில் இழுத்துவிடும். டயர் கடையில் பாஸிடம் துப்பாக்கியை வைக்கச் சொல்லி, கையால் இறுக்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார், பரவாயில்லை.

டோர்க் ரெஞ்ச் வாங்கும்போது 20 முதல் 110 வரையான அளவில் ஒன்று எடுங்கள். லொறிக்கான பெரிய ரெஞ்ச் அதன் அடிமட்ட அளவில் நம்பகமில்லை. ரெஞ்சே இல்லையென்றால் பயணப்பொதி நிறுக்கும் கொக்கித் தராசு உதவும். சொக்கெட்டின் மையத்திலிருந்து கைப்பிடியில் சரியாக 40 சென்ரிமீற்றரில் தராசைக் கொளுவி, கைப்பிடிக்குச் செங்கோணமாக இழுங்கள். தராசு 16.3 கிலோ காட்டினால் 64 நியூட்டன் மீற்றர், 14 கிலோவுக்கு 55, 11.5 கிலோவுக்கு 45. மெதுவாக இழுக்க வேண்டும். வெட்டி இழுத்தால் எண் பொய் சொல்லும்.

கிரீஸ் பூசலாமா

கடற்கரை ஊர்க்காரர் எல்லோரும் கேட்கும் கேள்வி. கைநூல் பூசச் சொல்லாதவரை ஸ்டட்டின் புரியிலும் நட்டின் கூம்பிலும் பூசாதீர்கள். மேலே சொன்ன 32,000 நியூட்டன் உலர்ந்த புரிக்கான கணக்கு. கிரீஸ் போட்டால் உராய்வில் வீணாகும் முறுக்கம் குறைந்து, அதே 64 நியூட்டன் மீற்றர் ஸ்டட்டை 42,000 நியூட்டனுக்கு மேல் இழுக்கும். 8.8 வலிமைத் தரமுள்ள எம்10 × 1.25 ஸ்டட் நிரந்தரமாக நீளாமல் தாங்குவது ஏறத்தாழ 35,500 நியூட்டன். அதாவது ரெஞ்ச் சரியான அளவைக் காட்டும்போதே ஸ்டட் நீண்டுவிட்டிருக்கும். துருவுக்குப் பயந்தால் ஹப்பின் நடுக்கழுத்தில், வீல் ஒட்டிக்கொள்ளும் இடத்தில், செப்புக் கிரீஸ் ஒரு துளி தடவுங்கள். மணலில் ஓடிய அன்றே நல்ல தண்ணீரால் கழுவுங்கள். நட்டுகளை இடைக்கிடை கழற்றித் துலக்கிப் பூட்டுவது எந்தப் பூச்சைவிடவும் மேல்.

மறு இறுக்கம்

புது வீலும் புது நட்டும் முதல் ஓட்டத்தில் ஒன்றோடொன்று படியும். எனவே முதல் பத்துப் பதினைந்து கிலோமீற்றருக்குப் பின், அல்லது கரடுமுரடான பாதையில் முதல் ஒரு மணித்தியாலத்துக்குப் பின், வீல் ஆறியதும் எல்லா நட்டையும் அதே அளவில் மறுபடி பாருங்கள். அடுத்த ஐம்பது கிலோமீற்றரில் இன்னொரு தடவை. கொஞ்சம் திரும்பினால் இயல்பு. மூன்றாவது தடவையும் அதே வீலில் திரும்பினால் இறுக்குவதை நிறுத்திவிட்டு வீலைக் கழற்றிப் பாருங்கள்.

இறுக்கிய பிறகு ஒவ்வொரு நட்டிலிருந்தும் வீலுக்கு ஒரு நேர்கோடு பெயின்ட் பேனாவால் கீறிவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் நட் திரும்பியிருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். வாடகைக்கு விடும் வண்டிகளுக்கு இது மிக உதவும்; காலையில் ஒரு சுற்று நடந்தாலே போதும்.

கழற்றிப் பார்க்கும்போது

நட்டைச் சுற்றிச் செந்நிறமோ கருநிறமோ கோடுகோடாக வழிந்திருந்தால் உள்ளே உலோகம் உரசுகிறது. துளை முட்டை வடிவாகியிருந்தால் அந்த வீலை மறுபடி பாவிக்கக்கூடாது. துளையை வெல்ட் பண்ணிக் கடைவதாகச் சொன்னாலும் கேட்க வேண்டாம். கூம்பில் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பு இருந்தால் ஸ்டட் வளைந்திருக்கலாம், அல்லது ஹப்பின் முகத்தில் ஏதோ மாட்டியிருக்கிறது. நட் இறுகாமல் சுழன்றுகொண்டே இருந்தால் பின்பக்கம் பாருங்கள்: ஸ்டட்டின் அடியிலுள்ள வரிப்பற்கள் ஹப்பில் வழுக்கிவிட்டன. ஸ்டட்டை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். ஹப்பின் துளையே தேய்ந்திருந்தால் ஹப் போக வேண்டும்.

புரி லேசாக நசுங்கிய ஸ்டட்டை எம்10 × 1.25 டையால் (புரி வெட்டும் கருவி) சீராக்கலாம். டை வெட்டும்போது பளிச்சென்ற உலோகச் சுருள் கணக்காக வந்தால் புரி மெலிந்துவிட்டது, மாற்றுங்கள். ஒரு ஸ்டட் ஒடிந்தால் மற்ற மூன்றும் அதன் பாரத்தைச் சுமந்திருக்கும், அதனால் அந்த ஹப்பின் நான்கையும் மாற்றுவது நல்லது. மூன்று நட்டோடு "மெதுவாக ஓட்டிக்கொண்டு கராஜ் வரை போவோம்" என்ற யோசனை வந்தால், வண்டியைத் தூக்கிப்போக லொறிக்குச் சொல்லுங்கள்.